இலண்டன் - சிட்னி வான்வழி

இலண்டன் - சிட்னி வான்வழி என்பது ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனையும், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரையும் இணைக்கும் நெடுந்தொலைவு வான்போக்குவரத்துப் பாதையாகும். இலண்டன் ஈத்ரோ வானூர்தி நிலையத்திற்கும் சிட்னி வானூர்தி நிலையத்திற்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர் ஆகும். புவியின் சுற்றளவில் பாதி ஏறத்தாழ 20,000 கி.மீ. எனவே, புவியின் மேற்பரப்பில் இரண்டு இடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருக்கக்கூடிய உச்சத் தொலைவில் இது 85 விழுக்காடாகும். இடையில் ஓரிடத்தில் இறங்கிச் செல்லும் இன்றைய பயணத்துக்கு 22 முதல் 24 மணிநேரம் ஆகிறது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் இப்பாதைக்குச் சூட்டிய "கங்காரு வழி" என்னும் பெயர் இன்று பொதுவழக்காகிவிட்டது. கங்காருவைப் போல் தாவித்தாவிச் செல்லும் பாதை என்பது இதன் பொருள்.

1919இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரையை அடையவே ஏறத்தாழ 28 நாட்கள் தேவைப்பட்டன. அன்றிலிருந்து இன்றுவரை நகரங்களுக்கிடையிலான தொலைவு மாறவில்லை. பயண நேரம் மட்டும் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. இச்சுருக்கத்துக்கு வானூர்தியின் வேகம் மட்டுமே காரணம் என்று கருதுவது சரியன்று. வழியில் எத்தனை முறை இறங்க வேண்டும், இரவில் பறக்க முடியுமா, எந்த நாட்டின் வான்பரப்பு திறந்திருக்கிறது, காற்று எத்திசையில் வீசுகிறது என்பனவும் இதற்கு இணையான காரணங்களாகும்.

தொலைவு

புவி உருண்டை வடிவானது என்பதால், அதன் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கிடையேயான மிகக் குறுகிய வழி ஒரு வளைவேயாகும். புவியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் புவியின் மேற்பரப்பை வெட்டும்போது கிடைக்கும் வட்டம் பெருவட்டம் எனப்படும். இரண்டு இடங்களையும் தொட்டுச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கிடையேயான மிகக் குறுகிய தொலைவு. இலண்டனும் சிட்னியும் புவியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 153 பாகை. பெருவட்டத்தின் ஒரு பாகை ஏறக்குறைய 111.2 கி.மீ. நீளமுள்ளது. இவ்விரண்டையும் பெருக்கினால் மேலே கூறிய தொலைவு கிடைக்கும்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வகை உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து இவ்விரு நகரங்களையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால் வேறொரு பாதை கிடைக்கும். அக்கோடு தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகிய ஊர்களுக்கு அருகில் சென்று, பாக்கு நீரிணையைக் கடந்து, இலங்கையில் வவுனியாவுக்கு அருகே செல்வதைக் காணலாம். இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 17,700 கி.மீ. அதாவது, வரைபடத்தில் நேராகத் தோன்றும் இவ்வழி உண்மையான குறுக்குவழியைவிட ஏறக்குறைய 700 கி.மீ. கூடுதலானது. மாறாக, ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்நூல் இந்தியாவின் பக்கமே வராது. இலண்டனிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, மாசுக்கோவுக்குச் சற்று வடக்கே சென்று, கசக்குசுத்தானின் கிழக்குப் பகுதி, சீனாவின் உட்பகுதி, தென்சீனக் கடல், பிலிப்பீன்சின் தென்பகுதி ஆகியவற்றைக் கடந்து, டார்வின் நகருக்குக் கிழக்கே ஆஸ்திரேலியக் கரையைத் தொடும். தெற்கே உள்ள நாட்டுக்குச் செல்ல முதலில் வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருப்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம். தட்டையான தாளில் உருண்டையை வரைவதால் நேரும் விளைவே இது.

எனினும் நடைமுறையில் வானூர்திகள் இக்குறுகிய வழியை அப்படியே பின்பற்றுவதில்லை. பல சேவைகள் சிங்கப்பூர் வழியாக நடைபெறுகின்றன. இலண்டனிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 10,880 கி.மீ.; அங்கிருந்து சிட்னி ஏறத்தாழ 6,300 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 17,180 கி.மீ. வருகிறது. சிங்கப்பூர் மேற்கூறிய பெருவட்டத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தும் கூடுதல் தொலைவு 160 கி.மீ. மட்டுமே. இதற்கான காரணம் எளிமையானது. ஓரிடத்திலிருந்து புவியின் மையம் வழியாக நேர் எதிர்ப்புறத்தில் அமைந்த இடத்துக்கு எத்திசையில் சென்றாலும் தொலைவு ஒன்றே. சிட்னி இலண்டனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இல்லையாயினும் அதை நெருங்கியிருப்பதால், சற்று விலகிச் செல்லும் பல வழிகளும் ஏறக்குறைய ஒரே நீளமுடையனவாக இருக்கின்றன. துபாய் வழியாகச் சென்றாலும் மொத்தம் ஏறத்தாழ 17,540 கி.மீ. தான். இப்பாதையில் இடைத்தங்கல் நகரங்கள் பலவாக இருப்பதற்கும், அவை காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதற்கும் இதுவே அடிப்படை.

பயண நேரம்

இக்காலப் பெரிய பயணிகள் வானூர்திகள் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 17,020 கி.மீ. தொலைவை இவ்வேகத்தால் வகுத்தால் 18 மணி 55 நிமிடம் கிடைக்கும். இது காற்றே இல்லாத நிலையில், நேர்ப்பாதையில், எங்கும் நிற்காமல் சென்றால் ஆகும் நேரம். உண்மையில் இம்மூன்றும் ஒருங்கே அமைவதில்லை.

வடக்கு, தெற்கு அரைக்கோளங்கள் இரண்டிலும் நடு அகலக்கோடுகளுக்கு மேலே, 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் ஜெட் காற்றோட்டங்கள் உள்ளன. இவற்றின் வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவைத் தாண்டுவதும் உண்டு. இலண்டனிலிருந்து சிட்னிக்குக் கிழக்கு நோக்கிச் செல்லும் வானூர்திக்கு இக்காற்று துணை செய்கிறது; திரும்பும்போது எதிர்க்கிறது. பயணம் முழுவதும் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று வீசுவதாகக் கொண்டால், போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 950 கி.மீ. ஆகவும், திரும்பும்போது 850 கி.மீ. ஆகவும் இருக்கும். முன்னதற்கு ஏறத்தாழ 18 மணியும், பின்னதற்கு 20 மணியும் பிடிக்கும். ஒரே தொலைவுக்கு இரண்டு மணிநேர வேறுபாடு! நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இக்காற்றோட்டம் இல்லாததால், பாதையின் நடுப்பகுதியில் இவ்வேறுபாடு பெரிதாக இராது.

இடைத்தங்கல் நேரமும் இதனுடன் சேர்கிறது. தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைத்தல், எரிபொருள் நிரப்புதல், பணிக்குழுவை மாற்றுதல், மீண்டும் மேலேறுதல் என இடையில் ஓரிடத்தில் நிற்பதால் மட்டும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் கழிந்துவிடுகிறது.

வரலாறு

முதல் பறப்பு

1787 மே மாதம் இங்கிலாந்தின் போர்ட்சுமத் துறைமுகத்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட முதற் கப்பற்படை, எட்டு மாதங்களுக்குப் பின் 1788 சனவரியில் சிட்னிப் பகுதியை அடைந்தது. 1869இல் சுயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நீராவிக் கப்பல்கள் இப்பயணத்தைச் சில வாரங்களில் முடித்தன. கொழும்பு அக்கப்பல்களின் முதன்மையான இடைத்துறைகளுள் ஒன்றாக விளங்கியது.

முதல் உலகப்போர் முடிந்ததும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு பரிசு வழங்கப்படும் என ஆஸ்திரேலிய அரசு 1919இல் அறிவித்தது. ராசு சுமித், கீத் சுமித் என்னும் உடன்பிறந்தோர் இருவரும், இயந்திர வினைஞர்களான வாலி சையர்சு, சிம் பென்னட் ஆகியோரும் விக்கர்சு விமி என்னும் குண்டுவீச்சு வானூர்தியில் 1919 நவம்பர் 12 அன்று இலண்டனுக்கு அருகேயுள்ள அவுன்சுலோவிலிருந்து புறப்பட்டனர். கூரையற்ற இருக்கைகளில் அமர்ந்து, கெய்ரோ, கராச்சி, தில்லி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் வழியாகச் சென்று டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். சுராபாயாவில் வானூர்தியின் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஊர் மக்கள் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து பரப்பி ஓடுபாதை அமைத்துக் கொடுத்த பின்னரே அவர்களால் மேலெழ முடிந்தது.

இப்பயணத்துக்கான மொத்த நேரம் 27 நாட்கள் 20 மணி. இதில் அவர்கள் வானில் இருந்தது ஏறத்தாழ 136 மணிநேரம் மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கும் தரையில் கழிந்தது. அதே போட்டியில் கலந்துகொண்ட வேறு இரண்டு குழுக்களைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். ஒரு வானூர்தி புறப்பட்ட சில நிமிடங்களிலேயே இலண்டனுக்கு அருகில் விழுந்தது. மற்றொன்று கிரேக்கத்தின் கோர்பு தீவருகே கடலில் வீழ்ந்தது.

பின்னர் 1928இல் பெர்ட் இங்க்லர் தனியாக இங்கிலாந்திலிருந்து டார்வினுக்கு 15 நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பறந்தார். 1930 மே மாதம் ஏமி சான்சன் இப்பாதையில் தனியாகப் பறந்த முதல் பெண்மணி ஆனார். அவருக்கு 19 நாட்கள் பிடித்தன.

பயணிகள் சேவை

1935 ஏப்ரலில் இலண்டனுக்கும் பிரிசுபேனுக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியது. இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை இம்பீரியல் ஏர்வேசும், அங்கிருந்து பிரிசுபேன் வரை குவாண்டாசும் இதனை நடத்தின. பயணம் பன்னிரண்டரை நாட்கள் நீடித்தது. இது முழுவதும் வான்வழிப் பயணமாக இருக்கவில்லை. இத்தாலியின் வான்பரப்பைப் பயன்படுத்துவதில் இருந்த சிக்கலால், பயணிகள் பாரிசிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகம் வரை தொடர்வண்டியில் சென்றே அடுத்த வானூர்தியில் ஏற வேண்டியிருந்தது.

1938 முதல் சிட்னியின் ரோசு விரிகுடாவுக்கும் இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்கும் இடையே பறக்கும் படகுகள் ஓடின. நீரில் இறங்கி நீரிலிருந்தே மேலெழும் இவை, ஓடுபாதை இல்லாத ஊர்களிலும் ஏரி, ஆறு, துறைமுகம் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொண்டன. பயணிகள் இரவில் விடுதிகளில் தங்கினர். பயணம் பத்து நாட்களுக்குள் முடிந்தது.

இரட்டைச் சூரியோதயம்

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்ததும் இவ்வழி துண்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே கடிதங்களும் அலுவலர்களும் செல்ல வேறு வழி தேவைப்பட்டது. எஞ்சியிருந்த ஒரே இடைவெளி இந்தியப் பெருங்கடல். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கும், இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே, எங்கும் நிற்காமல் ஏறத்தாழ 5,650 கி.மீ. கடலைக் கடக்கும் சேவை 1943 சூலையில் தொடங்கியது. கொக்கலையிலிருந்து கராச்சி வழியாக இலண்டனுக்குத் தொடர்பு கிடைத்தது.

இதற்கு ஐந்து கட்டலினா வகைப் பறக்கும் படகுகள் பயன்பட்டன. அவை மிக மெதுவானவை. மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகமே இயன்றது. எரிபொருளின் எடையே பெரும்பங்கை எடுத்துக்கொண்டதால் மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. எதிரி வானூர்திகள் கண்டுகொள்ளாதிருக்க வானொலித் தொடர்பு பேணப்படவில்லை. விண்மீன்களைப் பார்த்தே வலவர்கள் திசையறிந்தனர். வழிகாட்டிய விண்மீன்களின் பெயர்களே அவ்வானூர்திகளுக்கும் சூட்டப்பட்டிருந்தன.

காற்றைப் பொறுத்து இப்பயணம் 27 முதல் 33 மணிநேரம் வரை நீண்டது. ஒரு நாளுக்கு மேற்பட்ட பறப்பாதலால் பயணிகள் வானிலிருந்தே இரண்டு முறை கதிரவன் எழுவதைக் கண்டனர். அதனால் இது "இரட்டைச் சூரியோதயம்" எனப் பெயர் பெற்றது. 1945 சூலை வரை 271 முறை கடல் கடந்தும் ஒரு வானூர்திகூட இழக்கப்படவில்லை. பயண நேரத்தை அளவாகக் கொண்டால், இடையில் நிற்காத பயணிகள் வானூர்திச் சேவைகளில் இதுவே இன்றளவும் மிக நீண்டதாகும். நான்கு ஆண்டுகள் கழித்துப் பேசும் நிலைமையில் அல்லாது, தொழில்நுட்பம் அதன் எல்லையில் நின்ற அக்காலத்தில் இதனைச் செய்தது பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவிடமிருந்து அவற்றைப் பெற்றபோது செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவ்வானூர்திகள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

போருக்குப் பின்

1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாசின் லாக்கீடு கான்சுடலேசன் வானூர்தி 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி ஆகிய ஆறு இடங்களில் இறங்கி நான்கு நாட்களில் சென்றடைந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பயணிகள் இரவு தங்கினர். ஒரே நிறுவனம் ஒரே வானூர்தியில் பாதை முழுவதையும் நடத்தியது இதுவே முதன்முறை. 1959இல் போயிங் 707 ஜெட் வானூர்தி வந்ததும் நான்கு நாட்கள் என்பது ஏறத்தாழ ஒன்றரை நாளாகக் குறைந்தது. 1971 முதல் போயிங் 747 இப்பாதையில் ஓடத் தொடங்கியது. கூடுதல் பயணிகளை ஏற்ற முடிந்ததால் கட்டணம் குறைந்து, நடுத்தரக் குடும்பங்களும் குடியேறியவர்களும் பிறந்த ஊரைச் சென்று பார்ப்பது இயல்வதாயிற்று. நேரக் குறைப்பைக் காட்டிலும் இம்மாற்றமே பலருடைய வாழ்வைத் தொட்டது எனலாம்.

இடைநில்லாப் பயணம்

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும் இரு நகரங்களுக்கும் இடையே நிற்காமல் செல்வது ஏன் கடினமாக உள்ளது என்ற கேள்வி எழலாம். தொலைவு கூடும்போது எரிபொருள் கூடுதலாகத் தேவை. அவ்வெரிபொருளின் எடையைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் தேவை. ஒரு கட்டத்துக்கு மேல், எடையை ஈடுசெய்யப் பயணிகளையும் சரக்கையும் குறைக்க வேண்டியதாகிறது. பயணிகள் குறைந்தால் பயணச்சீட்டின் விலை ஏறும். ஆகவே இது பொறியியற் சிக்கல் மட்டுமன்று, வணிகச் சிக்கலும் ஆகும்.

1989 ஆகத்து மாதம் குவாண்டாசின் புதிய போயிங் 747-400 ஒன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. அதில் கட்டணப் பயணிகள் எவரும் இல்லை. அடர்த்தி மிகுந்த சிறப்பு எரிபொருள் நிரப்பப்பட்டது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, ஓடுபாதை வரை வானூர்தியை இழுவை வண்டியால் இழுத்துச் சென்றனர். அவ்வானூர்தி 2015 முதல் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் இல்லவாரா வட்டாரத்து வானூர்தி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

2018 மார்ச்சில் பேர்த் - இலண்டன் இடையே ஏறத்தாழ 14,500 கி.மீ. தொலைவுக்குப் போயிங் 787-9 வானூர்தியைக் கொண்டு குவாண்டாசு தொடங்கிய சேவையே, ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் நேரடியாக இணைத்த முதல் முறையான இடைநில்லாச் சேவையாகும். இதற்கு 17 மணிநேரம் அளவில் ஆகிறது. 2019 நவம்பரில் அதே வகை வானூர்தி, ஏறத்தாழ 50 பேருடன், ஆய்வுப் பறப்பாக இலண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் சென்றது. வலவர்களின் விழிப்பு நிலை, பயணிகளின் உறக்கம், உணவு நேரம் ஆகியன அதில் ஆராயப்பட்டன. இம்முயற்சிக்குச் "சூரியோதயத் திட்டம்" எனப் பெயரிட்டது கொக்கலைப் பயணங்களின் நினைவாகவே. 2022 மே மாதம் இதற்கென 12 ஏர்பசு ஏ350-1000 வானூர்திகளை வாங்க அந்நிறுவனம் முடிவு செய்தது. இவற்றில் கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் தொட்டியும், வழக்கத்தைவிடக் குறைவாக 238 இருக்கைகளும் அமையும். இடையில் நிற்கும் பயணத்தைவிட நான்கு மணிநேரம் வரை மிச்சமாகும் என்று அறிவிக்கப்பட்டது.

வான்பரப்பும் அரசியலும்

பெருவட்டப் பாதை உருசியாவின் மேல் நெடுந்தொலைவு செல்கிறது. 2022 பெப்ரவரியில் உருசியா உக்ரைன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, உருசிய வானூர்திகளுக்குப் பிரித்தானியாவும், பிரித்தானிய வானூர்திகளுக்கு உருசியாவும் தத்தம் வான்பரப்பை மூடின. கணிதப்படி மிகக் குறுகிய வழி, நடைமுறையில் பயன்படாத வழியாயிற்று.

2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் எழுந்தபோது, பேர்த் - இலண்டன் வானூர்திகள் ஈரானைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அச்சுற்றுவழிக்கு எரிபொருள் போதாமையால் இலண்டனுக்குச் செல்லும் வானூர்தி சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டது. ஆனால் இலண்டனிலிருந்து பேர்த்துக்கு வரும் வானூர்தி, பின்னாலிருந்து வீசும் காற்றின் துணையால் முன்போலவே நிற்காமல் வந்தது.

கடிகாரக் கணக்கு

பயணச்சீட்டில் காணப்படும் புறப்பாட்டு, வருகை நேரங்கள் அந்தந்த நகரின் நேரப்படி குறிக்கப்படுவதால், அவற்றைக் கழித்துப் பயண நேரத்தைக் கண்டறிய இயலாது. சிட்னி நேரம் இலண்டனுக்கு முற்பட்டது. ஆனால் அவ்வேறுபாடு நிலையானதன்று. இரு நகரங்களும் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னகர்த்துகின்றன. ஒன்றில் கோடையாக இருக்கும்போது மற்றொன்றில் குளிர்காலம். ஆகையால் சூலையில் 9 மணி வேறுபாடும், சனவரியில் 11 மணி வேறுபாடும் இருக்கும். அக்டோபரின் பெரும்பகுதியிலும், மார்ச்சு இறுதியை ஒட்டிய சில நாட்களிலும் 10 மணி.

சனவரியில் திங்கள் இரவு 9 மணிக்கு இலண்டனிலிருந்து புறப்பட்டு 23 மணிநேரம் பயணம் செய்பவர், சிட்னியில் புதன் காலை 7 மணிக்கு இறங்குவார். நாட்காட்டிப்படி 34 மணிநேரம் கழிந்திருக்கும். செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி அவருக்கு வானிலேயே போய்விடும். அதே மாதத்தில் திங்கள் மாலை 4 மணிக்குச் சிட்னியிலிருந்து புறப்பட்டு 24 மணிநேரம் பயணம் செய்பவர், இலண்டனில் செவ்வாய் அதிகாலை 5 மணிக்கு இறங்குவார். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அவர் பயணம் செய்தது 13 மணிநேரமே.